தெரியுமா? ‘சும்மா ஒரு கையெழுத்து’க்குள் இவ்வளவு சட்டமா!

“கடனுக்குச் சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துத்தாண்ணே!” மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரர் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்? பேனாவைத் திறக்கும் முன் இதையெல்லாம் படித்துவிடுங்கள்!

★ கையெழுத்தே போடாமலும் ஜாமீன்தாரர் ஆகலாம், தெரியுமா? இங்கிலாந்தில் 1677 முதலே ஜாமீனுக்கு எழுத்து கட்டாயம். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி வாய்வார்த்தையே போதும்!

★ கடன் வாங்கியவரை விட்டுவிட்டு, கொடுத்தவர் முதலில் உங்களிடமே வரலாம், தெரியுமா? 128-வது பிரிவுப்படி அவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் உங்களுக்கும் உண்டு. ‘வாங்கியவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு ஜாமீன்தாரரிடம் போ’ என்று பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் கீழ்நீதிமன்றம் போட்ட நிபந்தனையை 1968-ல் உச்ச நீதிமன்றமே நீக்கியது!

★ அமெரிக்க வழக்கு ஒன்றில் கதையே வேறு! நியூயார்க்கில் பேக்கர்ட் என்ற ஜாமீன்தாரர், ‘கடன் வாங்கியவர் கையில் காசு இருக்கும்போதே வழக்குப் போடுங்கள்’ என்று கடன் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டார். கொடுத்தவர் தாமதித்தார். வாங்கியவர் நொடித்துப்போய் ஊரைவிட்டே ஓடிவிட்டார். 1816-ல் தீர்ப்பு ஜாமீன்தாரர் பக்கம்! இங்கேயோ, சும்மா தாமதித்ததற்காக ஜாமீன்தாரருக்கு விடுதலை கிடையாது என்கிறது 137-வது பிரிவு.

★ அப்பா நின்ற ஜாமீன் பிள்ளையின் தலையில் விழுமா? யாக்ஞவல்கிய ஸ்மிருதி அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டது! ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்’, ‘நம்பிக் கொடுக்கலாம்’ என்ற ஜாமீன்கள் அப்பாவோடு முடிந்தன. ‘நானே கட்டுகிறேன்’ என்ற ஜாமீன் மட்டும் மகனையும் தொடர்ந்தது!

★ ஜாமீன்தாரருக்கும் கேடயங்கள் உண்டு, தெரியுமா? உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய வரவு செலவுக்கு நீங்கள் பொறுப்பில்லை (பிரிவு 133). அடமானப் பொருளை வங்கி கோட்டைவிட்டால் அதன் மதிப்பு அளவுக்கு உங்கள் பாரம் குறையும் (141). முழுக்கடனையும் நீங்களே அடைத்தால் வங்கிக்கு இருந்த உரிமையெல்லாம் உங்கள் கைக்கு வரும் (140). கட்டிய பணத்தை வாங்கியவரிடம் கேட்டு வசூலிக்கலாம் (145)!

★ அடுத்தடுத்த வரவு செலவுகளுக்கும் சேர்த்து நிற்கும் தொடர் ஜாமீனை நடுவிலேயே நிறுத்தலாம், தெரியுமா? கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்தால் இனிமேல் நடக்கும் வரவு செலவுக்கு நீங்கள் பொறுப்பில்லை (130). பழைய பாக்கி மட்டும் உங்களை விடாது!

2004 முதல் மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. வழக்கு அதுவரை போக வேண்டாமே! எவ்வளவு தொகை, ஒருமுறைக் கடனா, தொடர் ஜாமீனா என்று கேளுங்கள். நகலை வாங்கி வையுங்கள். அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்!