‘தவறுதலாக வெடித்தது’ என்று பொலிஸ் சொன்னால்

2024 ஜனவரி 18ஆம் திகதி நாரம்மலையில் ஒரு லொறிச் சாரதி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானார். அவரை மறித்த இரண்டு பொலிஸாரும் சிவில் உடையில் இருந்தார்கள். உப பொலிஸ் பரிசோதகரின் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிட்டது என்று பொலிஸ் தரப்பு சொன்னது. அந்த அதிகாரி கைது செய்யப்பட்டார், நாடு சில நாட்கள் கொதித்தது, பிறகு அடங்கிவிட்டது. அது என்ன வகைத் துப்பாக்கி, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அதே வகை இன்னும் எத்தனை பேரின் இடுப்பில் தொங்குகிறது என்று எங்கள் ஊரில் எவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்ட நாடுகளில் துப்பாக்கிகள் பொலிஸ் ஆயுதப் பட்டியலை விட்டே போயிருக்கின்றன. அமெரிக்காவில் சிக் சவர் பி 320 என்ற கைத்துப்பாக்கியைப் பல பொலிஸ் திணைக்களங்கள் வைத்திருந்தன. கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2017இல் தெரியவந்ததும் டல்லாஸ் பொலிஸ் அதன் பாவனையை நிறுத்திவைத்தது. கம்பனி விசைப் பகுதியை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது. அதற்குப் பிறகும் உறைக்குள் இருக்கும்போதே வெடித்தது என்ற முறைப்பாடுகள் ஓயவில்லை. மில்வாக்கி நகரப் பொலிஸ் 2022இல் வேறு துப்பாக்கிக்கு மாறத் தீர்மானித்தது. 2025இல் அந்நாட்டுக் குடிவரவு அமுலாக்கத் திணைக்களமும் அதை விலக்கியது. விசையை இழுக்காமல் வெடிக்காது என்றுதான் கம்பனி இன்றுவரை சொல்கிறது. வழக்குகளில் அது வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. ஆனால் திணைக்களங்கள் கடைசித் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தன் இடுப்பிலிருக்கும் ஆயுதத்தையே பொலிஸ்காரர் நம்பாவிட்டால் அது பாதுகாப்பு அல்ல. அடுத்த குண்டு ஒரு பொதுமகன் மேல் பட்டால் ‘தெரிந்துகொண்டே வைத்திருந்தீர்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கும் நட்டஈட்டுக்கும் திணைக்களமே பதில் சொல்ல வேண்டும். பழசாகிப்போனதும் ஒரு காரணம்தான். உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2020 குடியரசு தினத்தோடு பழைய .303 ரைபிளுக்கு விடைகொடுத்தது.

எல்லாப் பழியையும் இரும்பின் மேல் போடவும் கூடாது. 2025 ஜூலையில் அமெரிக்க விமானப்படைத் தளமொன்றில் ஒரு சிப்பாய் குண்டு பட்டு இறந்தபோது, பி 320இன் இராணுவ வடிவத்தை அந்தத் தளம் சேர்ந்த படைப்பிரிவு நிறுத்திவைத்தது. விசாரணையில் இன்னொரு சிப்பாய் கைதானார். துப்பாக்கிகள் மறுபடியும் பாவனைக்கு வந்தன. பொத்துவிலுக்கு வடக்கே திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் 2021 டிசம்பர் 24ஆம் திகதி இரவு ஒரு சார்ஜன்ட் தன் சக பொலிஸாரையே சுட்டு நால்வர் உயிரிழந்தார்கள். அங்கே பார்க்கவேண்டியது ஆயுதத்தின் பழுதை அல்ல, அது எந்த நிலையிலிருந்த மனிதனின் கையில் கொடுக்கப்பட்டது என்பதை. ஆகவே துப்பாக்கி, பிடித்த கை, கொடுத்த ஒழுங்கு என்ற மூன்றையும் பார்க்காமல் முடிகிற விசாரணை அரைகுறை விசாரணைதான்.

மில்வாக்கியில் முடிவெடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம், வெடிப்புகள் காகிதத்தில் ஏறியிருந்ததுதான். இங்கே காகிதமே உருவாவதில்லை. அதிகாரிகள் எழுதமாட்டார்கள், நாமும் எழுதிக் கொடுப்பதில்லை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகத்தின் தாக்குதல் எச்சரிக்கைக்குப் பிறகு அறுகம்பைப் பக்கம் பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் ஆயுதத்தோடு குவிக்கப்பட்டார்கள். சனம் நெருங்கித் திரியும் தெருவில் இத்தனை துவக்குகள் நின்றால், ‘தவறுதலாக’ என்ற சொல்லுக்கு நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

காயம்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும், ‘பொலிஸ் துவக்கால் பட்ட காயம்’ என்று டொக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அது பெட் டிக்கட்டில் எழுதப்பட வேண்டும். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸார் தரத் தாமதித்தால், சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று வார்ட்டிலேயே கேளுங்கள். பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ அம்பாறைக்கோ மாற்றினால் அங்கேயும் அதையே கேளுங்கள். இரத்தம் படிந்த சட்டையைக் கழுவாதீர்கள். வீட்டுப் பெண்கள் பாசத்தில் முதலில் செய்வது அதுதான். எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைச் சொல்லக்கூடிய வெடிமருந்துத் தடம் அந்தத் துணியில்தான் இருக்கிறது. நிழலில் காயவிட்டு, பொலித்தீனில் அல்ல, கடதாசிப் பையில் வையுங்கள். ஒப்படைக்கும்போது எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மரணம் நேர்ந்தால் நம் முஸ்லிம் சமூகம் சறுக்குகிற இடம் இன்னொன்று. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்ற அவசரத்தில் ‘எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு மையித்தை வாங்கி வருகிறார்கள். பிறகு நீதிக்கு அலைகிறார்கள். சீக்கிரம் அடக்குவது கடமை, அதில் பேச்சில்லை. ஆனால் பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துத் தாருங்கள் என்று கேட்பது வேறு, பரிசோதனையே வேண்டாம் என்பது வேறு. பள்ளிவாசல் நிர்வாகிகள் முதலாவதுக்காகத்தான் போய்ப் பேச வேண்டும். பொலிஸ் சூட்டில் இறந்தவருக்கு நீதவான் முன் மரண விசாரணை நடக்க வேண்டும். அங்கே சாட்சியம் சொல்லும்போது, துப்பாக்கியையும் வெற்றுத் தோட்டாவையும் அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, விசை இழுக்காமல் அது வெடிக்குமா என்று அறிக்கை பெறும்படி சட்டத்தரணி மூலம் கேளுங்கள். ‘தவறுதலாக’ என்பது உண்மையா என்று சொல்லக்கூடிய அறிக்கை இதுதான். தவறுதல் என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு முடிந்துபோவதில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் கையொப்பமிடாதீர்கள். மறுபடி சொல்கிறேன்: கையொப்பமிடாதீர்கள். சுட்டவர் வேலை செய்யும் நிலையத்திலேயே முறைப்பாடு கொடுக்கப் பயமாக இருந்தால் மேலதிகாரியின் அலுவலகத்துக்குப் போகலாம், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எங்கே கொடுத்தாலும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு மாதக் கணக்கு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது. நாற்பதாம் நாள் கத்தம் முடியட்டும் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் மனைவி மனுப் போடலாம் என்பதை சிறியாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கொழும்புக்குப் போக வசதியில்லையா? அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனைப் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அவசரத்துக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போய்த் தோற்றவர்கள் உண்டு. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

துப்பாக்கியைப் பற்றிய கேள்விகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முகாமில் எத்தனை ஆயுதம் என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். குறித்த சம்பவத்தில் வெடித்த துப்பாக்கியின் வகை என்ன, கடைசியாகப் பரிசோதித்த திகதி எது, அந்த அதிகாரி கடைசியாகச் சுடுபயிற்சி பெற்றது எப்போது, கடந்த ஐந்து வருடத்தில் அம்பாறை மாவட்டத்தில் தவறுதலாக வெடித்ததாகப் பதியப்பட்ட சம்பவங்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் வர வேண்டும்; உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்த இரண்டு மாதத்துக்காகக் காத்திருந்து, மேலே சொன்ன ஒரு மாதத்தை விட்டுவிடாதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் அலுவலருக்குமான இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் போகட்டும்.