அடைகாத்தல்

திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் கோழியை அடை வைப்பது ஒரு சிறு சடங்கு போலவே நடைபெறும். ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, முட்டைகளை அடுக்குவர். இடி முழக்கத்தால் அவை கூமுட்டையாகாதிருக்க, இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் உடன் வைப்பதுண்டு. கரிக்கும் இடிக்கும் தொடர்பு யாதுமில்லை. மணலுக்கோ பயன் உண்டு. தாய் இரை தேடச் சென்ற சிறு பொழுதில் முட்டை விரைந்து குளிராதவாறு அது காக்கும்.

மேலைநாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இக்காட்சியை வகுப்பறைக்கே கொணர்கின்றனர். அங்கே கோழிக்கு மாறாக அடைகாப்புப் பொறி ஒன்று இருக்கும். அதன் வெப்பம் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு அளவில் நிற்றல் வேண்டும். நாள்தோறும் பன்முறை முட்டைகளைப் புரட்டவும் வேண்டும். இல்லையேல் கரு உட்சவ்வோடு ஒட்டிக் கெடும். தாய்க்கோழி இதனை எவரும் கற்பியாமலே அலகால் செய்துவிடுகிறது! இரண்டாம் நாள் முடிவதற்குள் கருவின் இதயம் துடிக்கத் தொடங்கும். ஐந்தாம் நாளளவில் இருட்டறையில் விளக்கொளிமுன் முட்டையைப் பிடித்தால், செந்நிற நரம்புகள் சிலந்தி வலைபோல் விரிந்திருப்பதைக் காணலாம்.

இருபதாம் நாளளவில், முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் குஞ்சு அலகால் துளைத்து முதன்முதலாக மூச்சு விடுகிறது. ஓட்டுக்குள்ளிருந்தே அதன் குரல் கேட்கும். பின்னர், அலகு நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டை உடைக்கத் தொடங்கும். இப்பணி ஒரு நாள்வரை நீளுதலும் உண்டு. இடையிடையே குஞ்சு அசைவற்றுக் கிடக்கும். அதைக் கண்டு இரங்கும் சிறுவன் ஓட்டைப் பிய்த்து உதவ முற்படுவான். அவ்வுதவியே அதற்குக் கேடாகிவிடும். அந்நேரத்தில் சவ்விலுள்ள குருதி உடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். மஞ்சட்கருவின் எச்சமும் வயிற்றினுள் சென்றுகொண்டிருக்கும். அவை முடியுமுன் ஓட்டை நீக்கினால் குருதி கசிந்து குஞ்சு இறக்கவும் கூடும். பொரித்தபின் இரண்டொரு நாளுக்கு அம்மஞ்சட்கருவே அதற்கு உணவு. அதன்பின் தாயில்லாக் குஞ்சுகளை வளர்ப்பவர் யார் என்பதை முன்னரே எண்ணாத பள்ளிகளும் உள.

நாங்குனேரி வட்டத்துக் கூந்தன்குளத்துச் சிறார்க்கு அடைகாத்தலைக் காணப் பொறி வேண்டுவதில்லை. தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் நீர் கால்வாய்வழி வந்து அவ்வூர்க் குளத்தை நிரப்பும். மார்கழி, தைத் திங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து, குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ ஒரு திங்கள் அடைகாக்கும். உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அவ்வூர் மக்கள் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. 1994ஆம் ஆண்டில் அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது. ஊராரின் காவலோ அதற்கு நெடுங்காலம் முற்பட்டது.

கூட்டிலிருந்து விழும் குஞ்சைத் தாய்நாரை மீண்டும் மேலேற்ற இயலாது. தரையில் வந்து இரையூட்டுவதும் இல்லை. அத்தகைய குஞ்சுகளை எடுத்து, வேலியிட்ட காப்பிடத்தில் மீன் கொடுத்து, பறக்கும் பருவம்வரை வளர்க்கின்றனர். ஆனித் திங்களளவில் நாரைகள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுவிடும். எச்சம் படிந்த குளத்து வண்டல் வயல்களுக்கு உரமாகச் செல்கிறது.