உங்கள் நாணயத்தை எழுதிவைப்பது யார்?

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே துறைமுகத்தை நம்பி, 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டு, சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு எழுதிய உயிலில், தான் கொடுக்க வேண்டிய கடன்களைக் கணக்காகக் குறித்துவைத்தார். எண்ணெய்க்கடை பாக்கி, ஜவுளிக்கடை பாக்கி என்று சில்லறைக் கடன்கள்கூட அதில் விடுபடவில்லை.

கடன்பட்டவரே தன் பட்டியலை எழுதிய காலம் அது. இன்று நம் பட்டியலை வேறொருவர் எழுதுகிறார். எந்த மாதம் தவணை கட்டினோம், எந்த மாதம் தவறினோம், யாருக்கு ஜாமீன் போட்டோம் என்பதெல்லாம் ஓரிடத்தில் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. படகு எஞ்சின் வாங்கவோ, வீடு கட்டவோ, பிள்ளையின் படிப்புக்கோ கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது மேலாளர் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். நம்மில் பலர் அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

சிபில் என்றால் என்ன?

பேச்சுவழக்கில் ‘சிபில் ஸ்கோர்’ என்கிறோம். சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ல் தொடங்கப்பட்டு, இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில் என்ற பெயரில் இயங்குகிறது. இதே வேலையைச் செய்யும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. 2005-ல் இயற்றப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை செயல்படுகின்றன.

இந்த நிறுவனங்கள் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, கொடுக்காதே என்று சொல்வதுமில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து அறிக்கையாக்கி, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகின்றன. 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வங்கி வட்டாரத்தின் பொதுக்கணக்கு. ஆனால் இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்ச அளவையும் விதிக்கவில்லை. அதை அந்தந்த வங்கியே முடிவுசெய்துகொள்கிறது.

மதிப்பெண் குறைந்தால் கடன் கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் வட்டி கூடலாம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 8.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். 9.5 சதவீதமானால் 18,643 ரூபாய். ஒரு சதவீத வித்தியாசம், கடன் முடியும்போது 3 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது.

கரையில் உண்டு, கணக்கில் இல்லை

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வலைக்கும் டீசலுக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். பிடித்த மீனை அவரிடமே போட்டு, கடனையும் கழித்துக்கொள்கிறார். பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறையும் ஏமாற்றியதில்லை. கரையில் அவருடைய நாணயத்தைப் பற்றி யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வங்கிக் கணினியில் அவருடைய பெயருக்கு எதிரே ‘வரலாறு இல்லை’ என்றுதான் வரும்.

இந்தக் கடற்கரைக்கு முன்பணம் புதிதல்ல. முத்தும் சங்கும் குளித்த காலத்திலும் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கொடுக்கும் பணத்தை நம்பித்தான் குளியாளி கடலில் இறங்கினார். பெரிய அளவில் முத்துக்குளிப்பு இங்கே 1961-ல் முடிந்துபோனது. முன்பணம் மட்டும் இன்னும் நிற்கிறது.

முன்பணத்தைப் போலவே தெருச்சீட்டு, அடகுக்கடை, கைமாற்று, மளிகைக்கடைப் பாக்கி ஆகியவையும் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. ஒழுங்காகக் கட்டினாலும் நமக்குப் பெயர் கிடைக்காது. அடகுக்கடையில் வைக்கும் அதே நகையை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால் அது பதிவாகும். சுய உதவிக் குழு வழியாகவோ சிறுகடன் நிறுவனத்திடமோ வாங்கும் கடனும், கடையில் தவணைக்கு எடுக்கும் செல்போனும் பதிவாகும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. கணவர் கடலுக்குப் போய்விட, வங்கிக்கும் குழுவுக்கும் அலைவது பல வீடுகளில் மனைவிதான். நகைக்கடனும் குழுக்கடனும் அவர் பெயரில் இருக்கும். அவற்றை ஒழுங்காகக் கட்டிய மதிப்பும் அவருக்கே சேரும். படகு கணவர் பெயரில் இருந்து, எஞ்சினுக்கு அவர் கடன் கேட்டால், மனைவி சேர்த்த மதிப்பெண் அவருக்கு வராது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஏதாவது ஒரு சிறுகடன் ஒழுங்காக நடந்திருப்பது நல்லது.

முதல்முறையாகக் கடன் கேட்பவரை, முன்வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் வழிகாட்டுதல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் மத்திய அரசு இதை எடுத்துச் சொன்னது. ‘சிபில் இல்லை, கிடையாது’ என்று யாராவது திருப்பி அனுப்பினால், இதைச் சொல்லிக் கேட்கலாம்.

எதனால் ஏறும், எதனால் இறங்கும்?

மதிப்பெண் போடும் கணக்கை எந்த நிறுவனமும் முழுதாக வெளியிடுவதில்லை. ஆனால் எவற்றைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்ததுதான்.

முதலாவதும் முக்கியமானதும் நாள் தவறாமை. அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். ‘000’ என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. ‘030’ என்றால் 30 நாள் தாமதம். கடைசி 36 மாதங்களின் நடப்பை ஒரே பார்வையில் வாசித்துவிடலாம். 500 ரூபாய்த் தவணையானாலும் தாமதம் தாமதமாகவே பதிவாகும்.

இரண்டாவது, கிரெடிட் கார்டில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது. கார்டின் வரம்பு 50,000 ரூபாய் என்றால், 15,000-க்குள் நிறுத்திக்கொள்வது உத்தமம். ஒவ்வொரு மாதமும் வரம்பைத் தொட்டால், திருப்பிக் கட்டினாலும், கையில் பணமில்லாதவர் என்ற எண்ணம் வரும். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஏறும், பாக்கி பெருகும்.

மூன்றாவது, கடனின் வயதும் வகையும். பல ஆண்டுகளாக ஒழுங்காக நடக்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம். கட்டணமில்லாத பழைய கார்டை அவசரப்பட்டு மூட வேண்டாம். நான்காவது, விண்ணப்பங்கள். ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் கடன் கேட்டால் ஐந்தும் பதிவாகும். பார்ப்பவருக்கு அது தவிப்பாகத் தெரியும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையும் என்பது வெறும் வதந்தி.

61 நாளும் மாதத் தவணையும்

நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வங்கித் தவணை மாதத்துக்கு ஒன்று, கடல் வருமானம் அப்படியல்ல. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். வீட்டுச் செலவு போக அதில் தவணைக்கு என்ன மிஞ்சும்? உப்பளத் தொழிலாளிக்கு இதே நெருக்கடி வடகிழக்குப் பருவமழையில் வரும்.

நல்ல மனிதர்களின் அறிக்கையிலும் மே, ஜூன் மாதக் கட்டங்களில் தாமதம் விழக் காரணம் இதுதான். தடைக்காலம் திடீரென்று வருவதில்லை, தேதி முன்கூட்டியே தெரியும். ஆகையால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மீன்பாடு நன்றாக இருக்கும்போதே இரண்டு தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்கலாம். கடன் வாங்கும்போதே தவணைத் தேதியையும் தொகையையும் வருமானத்துக்கு ஏற்ப அமைக்க முடியுமா என்று கேட்கலாம்.

இன்னும் பொருத்தமானது கிசான் கிரெடிட் கார்டு. விவசாயிகளுக்கு மட்டும் இருந்த இந்தத் திட்டம் 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நடைமுறைச் செலவுக்கான கடன் இது. விவசாயம் சார்ந்த தொழில்களுக்கு 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வட்டி மானியத்துக்குத் தகுதியான தொகைக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம்தான். நாள் தவறாமல் கட்டுபவருக்கு வட்டியும் மிச்சம், பதிவும் சுத்தம்.

எதிர்பாராத இடர் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட பேரிடருக்குப் பின் கடனைத் திருத்தியமைத்துக் கால நீட்டிப்புத் தர ரிசர்வ் வங்கி விதிகளில் இடமுண்டு. இயற்கைப் பேரிடரால் திருத்தியமைத்த கடன் என்று அறிக்கையில் குறிக்கவும் தனி வகை உண்டு. தவணை தவறிய பிறகு ஒளிந்துகொள்வதைவிட, தவறும் முன்பே எழுத்து மூலம் கேட்பது மேல்.

ஜாமீனும் செட்டில்மென்டும்

‘ஒரு கையெழுத்துதானே’ என்று உறவினருக்கு ஜாமீன் போட்டிருப்போம். அந்தக் கடன் நம் அறிக்கையிலும் தெரியும். அவர் தவறினால் நமக்கும் அடி. குழுக்கடனில் நம் பங்கைக் கட்டிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாமல், அது வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பொறி ‘செட்டில்மென்ட்’. 80,000 ரூபாய் பாக்கிக்கு 40,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்று வசூலிப்பவர் சொல்வார். கட்டியதும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல் ‘செட்டில்டு’ என்று வரும். முழுப் பணம் கட்டவில்லை என்பதே அதன் பொருள். அந்தக் கறை பல ஆண்டுகள் நிற்கும். முடிந்தவரை முழுதாகக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவில் தவறு இருந்தால்

கட்டி முடித்த கடன் பாக்கியாகவே காட்டப்படலாம். ஒரே பெயர், ஒரே ஊர் என்பதால் இன்னொருவர் கடன் நம் கணக்கில் ஏறலாம். நம் பான் எண்ணைக் கொண்டு யாரோ செயலியில் கடன் எடுத்திருக்கலாம். இவற்றைத் திருத்த வழி இருக்கிறது, கட்டணம் இல்லை.

சம்பந்தப்பட்ட வங்கியிடமோ கடன் தகவல் நிறுவனத்திடமோ புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் புகார் செய்தவருக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்த இந்த விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தகவலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். நம் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் நமக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதும் விதி. செல்போன் எண்ணை மாற்றினால் வங்கியிலும் மாற்றிவிடுங்கள்.

‘ஒரே வாரத்தில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

எத்தனை நாளில் உயரும்?

2025 ஜனவரி முதல், வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். தவறான பதிவு நீங்கினாலோ, கார்டு பாக்கியைக் குறைத்தாலோ மாற்றம் விரைவில் தெரியும். தவணை தவறிய வடு மெதுவாகத்தான் ஆறும். அதற்கு மருந்து, அடுத்து வரும் மாதங்களை ஒவ்வொன்றாக ‘000’ ஆக்குவதே. வரலாறே இல்லாதவர்கள் வங்கியில் வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் தரப்படும் கார்டை வாங்கி, மாதம் ஒரு சிறு தொகை செலவழித்து முழுதாகக் கட்டிவந்தாலே பதிவு உருவாகத் தொடங்கும்.

முதல் வேலை, நம் பட்டியலை நாம் படிப்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்தால், காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். பான் எண்ணும் செல்போனும் போதும், பிள்ளைகள் உதவியால் பத்து நிமிடத்தில் முடியும் காரியம். முதல் அறிக்கையை ஏப்ரல் 15-க்கு முன்பே, படகு கரையேறுமுன், எடுத்துப் பாருங்கள்.