உங்களுக்குத் தெரியுமா?

இல்லாத போர் விமானத்துக்கும் மாடல் கிட் விற்றிருக்கிறார்கள்!

1986-இல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் ‘எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்’ என்ற பிளாஸ்டிக் மாடலைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த எண்ணில் அமெரிக்க விமானப் படையில் விமானமே கிடையாது. எஃப்-18-க்கு அடுத்து எஃப்-20 என்று தாவிவிட்டார்கள்.

● ரேடாருக்குச் சிக்காத ரகசிய விமானம் ஒன்று நிஜமாகவே இருந்தது. பெயர் எஃப்-117. 1981 முதல் பறந்துகொண்டிருந்தது. நெவாடா பாலைவனத்தில், பெரும்பாலும் ராத்திரியில்தான். அரசு அதை ஒப்புக்கொண்டது 1988 நவம்பரில்.

● ‘ரகசியம் பெட்டிக்கடை வரை வந்துவிட்டதா?’ என்ற பதற்றத்தில், இந்தப் பொம்மை அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

● கடைசியில் பார்த்தால், அந்த ரகசிய விமானம் பற்றிய டெஸ்டர்ஸின் ஊகம் அப்பட்டமாகத் தப்பு. மாடல், சோப்புக்கட்டி போல வழவழ வளைவு. வால் துடுப்புகள் உள்பக்கம் சாய்ந்தவை. அசலோ பட்டை தீட்டிய கல் மாதிரி தட்டைத் தட்டையான முகங்கள். வால் வெளிப்பக்கம் விரிந்த ‘வி’.

● அசல் எஃப்-117-இன் நீளம் சுமார் 20 மீட்டர். 1/48 அளவு மாடலில் 42 சென்டிமீட்டர். இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினால், நிஜ விமானத்தில் அது விரல் நுழையப் பார்க்கும் 5 மில்லிமீட்டர் ஓட்டை! அதை அடைத்து, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டியதுதான்.