நகல் இருந்தால் போதுமா? திறக்க வேண்டாமா?



சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் கணக்கு பத்திரம் என்று நாம் நிம்மதியாக இருந்த காலம் உண்டு. இன்று பில்லும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கணக்கு விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் மீட்டெடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-ஆவது விதி.

எங்கள் மளிகை மொத்தக் கடையில் எல்லா ஃபைல்களும் வீட்டு மாடியில் உள்ள நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து வந்தோம். ஒருநாள் ஆடிட்டர் பழைய கொள்முதல் பில் ஒன்றைக் கேட்டார். டிஸ்க்கில் தேடினால் மூன்று மாத பில்களைக் காணோம்! வேலையை விட்டுப் போன கணக்கர் தம் பெயரில் நுழைந்து உண்டாக்கிய ஃபோல்டர் அது. நகல் எடுக்கும் பெயருக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வாராவாரம் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது; நாங்கள்தான் அதைப் படிக்காமல் மூடியிருக்கிறோம். நல்லவேளை, மூலம் பெட்டியிலேயே இருந்தது.

குடோனுக்கு முதலாளியிடம் ஒரு சாவி, கணக்குப்பிள்ளையிடம் ஒரு சாவி இருப்பது போல, இந்தப் பெட்டியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற குறிப்பும் உண்டு. கோளாறு இரண்டு வகை.

ஒன்று, படிக்க முடியாத கோளாறு. இதில் ஃபைலே நகலாகாது. பெட்டியின் நிர்வாகி பெயரில் நுழைந்து, அந்த ஃபோல்டரின் உரிமையை நம் பெயருக்கு மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் அது பொருந்தும்படி குறியிட மறக்கக் கூடாது. நகலுக்கென்றே தனிப் பெயர் உண்டாக்கி, எல்லாவற்றையும் படிக்க மட்டும் அனுமதி கொடுப்பது இன்னும் நல்லது.

இரண்டு, டிஸ்க் பக்கத்துக் கோளாறு. எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த டிஸ்க் உரிமைக் குறிப்புகளை வைத்துக்கொள்ளாது. "அனுமதிகளைப் பதிய முடியவில்லை" என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் ஃபைல் வந்திருக்கும்; திறந்து பார்த்து உறுதி செய்தால் போதும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை வேறு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகும்போது திறக்க மறுத்தால், ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று போய் 'ஓனர்' இடத்தில் நம் பெயரைப் போட வேண்டும்.

தொல்லை விட்டது என்று எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடாதீர்கள். அது குடோன் சாவியை வாசல் ஆணியில் மாட்டுவதற்குச் சமம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதை மறக்க வேண்டாம். அத்தகைய நிரல்கள் செருகியிருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, வேறு இடத்தில் வையுங்கள்.

நம் ஊர் அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருள்கிறார். 1979-க்குப் பின் 2019-இல்தான் தரிசனம் கிடைத்தது. பெருமாளுக்கு அது அழகு. நகல் டிஸ்க்குக்கு ஆகாது. இப்போது அமாவாசைதோறும் கடையில் பூஜை முடிந்ததும் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து பார்க்கிறோம். பத்து நிமிட வேலைதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. திறக்காத நகலும் அப்படியே. இந்த வாரமே உங்கள் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள்.