நோயுற்ற நாளின் ஊதியம்

கரோல் பாகின் பெரிய கடைவீதியான அஜ்மல்கான் சாலை, ஹக்கீம் அஜ்மல் கான் என்னும் யுனானி மருத்துவரின் பெயரைத் தாங்கியது. அவர் அப்பகுதியில் நிறுவிய திப்பியா கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். அத்தெருவில் நாள் முழுதும் நின்றபடியே துணி விரித்துக் காட்டும் விற்பனையாளருக்குக் காய்ச்சல் கண்டால், அவர் வீட்டில் படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா? முதலாளி மனமிரங்கினால் உண்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் சட்டம் அதை இரக்கத்திற்கு விட்டுவைக்கவில்லை.

1954ஆம் ஆண்டின் தில்லி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 22ஆம் பிரிவில், ஊழியருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 12 நாள் ஊதியத்துடன் நோய்க்கால அல்லது தற்செயல் விடுப்பு அளிக்க வேண்டும் என்கிறது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவர்க்குரிய 15 நாள் உரிமை விடுப்பு இதற்குப் புறம்பானது. உரிமை விடுப்பைச் சேர்த்து வைக்கலாம். இந்த 12 நாளைச் சேர்த்து வைக்க இயலாது.

'அல்லது' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். உறவினர் திருமணத்திற்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் ஒரே கணக்கிலிருந்துதான் நாள் கழியும். தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் நோய்க்கு 12, தற்செயலுக்கு 12 எனத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. இவ்வகையில் தமிழ்நாட்டு ஏற்பாடே மேலானது என்று தயங்காமல் கூறலாம்.

நோய் நீண்டால் 12 நாள் போதாது. அங்கேதான் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் திட்டம், துணைக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த இத்திட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் கடைகளில், மாத ஊதியம் ரூ.21,000க்கு மிகாதவர்கள் இதில் அடங்குவர். ஊழியர் 0.75 விழுக்காடும் உரிமையாளர் 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை, கிடைக்கும்.

ரூ.19,500 பெறும் ஒருவர் மஞ்சள் காமாலையால் 20 நாள் படுத்துவிட்டதாகக் கொள்வோம். அவரது நாள் ஊதியம் ரூ.650. நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. அவ்விரு நாட்களைக் கடையின் விடுப்பில் கழித்தால் ரூ.1,300 முழுமையாக வரும். எஞ்சிய 18 நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.455 வீதம் ரூ.8,190 வரும். இதற்காக மாதந்தோறும் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுவதோ ஏறத்தாழ ரூ.147. ஒரே நாளுக்குக் கடையின் ஊதியத்தையும் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துப் பெற முடியாது என்பதால், இவ்வாறு பிரித்துக் கொள்வதே முறை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இத்தொகைக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க நேரும். பங்களிப்பைக் கணக்கிடும் ஆறு மாதமும் பலன் வழங்கும் ஆறு மாதமும் வெவ்வேறாக அமைந்திருப்பதே காரணம். ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்புக்குரிய பலன் மறு ஜனவரியில்தான் தொடங்கும். அந்த அரையாண்டில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்கவும் வேண்டும். ஆகவே சம்பளத்தில் பிடித்த தொகை தம் காப்பீட்டு எண்ணில் வரவாகியுள்ளதா என்பதை ஊழியர் உடல்நலத்தோடு இருக்கும்போதே பார்த்து வைப்பது நலம். சம்பளம் கையில் ரொக்கமாக வராமல் வங்கிக் கணக்கில் வருமானால், பணியில் இருந்த நாட்களையும் பெற்ற ஊதியத்தையும் மெய்ப்பிக்க அந்தக் கணக்கு விவரமே உதவும்.

காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு உதவித்தொகை 80 விழுக்காடாக உயர்வதோடு, இரண்டு ஆண்டு வரையிலும் நீளக்கூடும். இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி பெற்றுவரும் ஊழியரை அக்காலத்தில் பணிநீக்கம் செய்வதற்கும் தண்டிப்பதற்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை விதித்தது.