விமான நிலையத்தில் சோதனை ஏன்?

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். முதல் முறை விமான நிலையம் போகும்போது அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் நிற்பார். சீட்டைக் கேட்பார். உள்ளே பையைச் சோதிப்பார்கள். உடம்பையும் தடவிப் பார்ப்பார்கள். "நான் என்ன திருடனா?" என்று மனம் கூசும்.

கூசத் தேவையில்லை. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு. இது நம் உயிரைக் காப்பதற்காகத்தான்.

இரண்டு துயர நிகழ்ச்சிகள்

1985 ஜூன் 23. கனிஷ்கா என்ற ஏர் இந்தியா விமானம் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அயர்லாந்து அருகே கடலின் மேல் அது வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தனர். சரக்கு அறையில் இருந்த ஒரு பெட்டியில் வெடிகுண்டு இருந்தது. அந்தப் பெட்டியைக் கொடுத்தவன் விமானத்தில் ஏறவே இல்லை.

1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தை ஆயுதம் வைத்திருந்தவர்கள் கடத்தினார்கள். ஒரு பயணியைக் கொன்றார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் எட்டாவது நாள்தான் விடுதலை ஆனார்கள்.

யார் சோதிக்கிறார்கள்?

விமானப் பாதுகாப்பு விதிகளை வகுப்பது மத்திய அரசின் ஓர் அமைப்பு. அதைச் சுருக்கமாக பி.சி.ஏ.எஸ். என்பார்கள். கனிஷ்கா விபத்துக்குப் பிறகு, 1987-இல் அது தனித் துறை ஆனது.

முன்பு மாநிலப் போலீசார் விமான நிலையங்களைக் காத்தார்கள். விமானக் கடத்தலுக்குப் பிறகு இந்த வேலை மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு வந்தது. 2000 பிப்ரவரி 3 அன்று ஜெய்ப்பூரில் அது தொடங்கியது. இன்று 60-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களை இந்தப் படை காக்கிறது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதலில் வாசல். சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாடு போக பாஸ்போர்ட் வேண்டும். சீட்டு வந்ததும் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் முன்பே திருத்திவிடலாம்.

அடுத்து, பெரிய பெட்டியை விமானக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். அதை எக்ஸ்ரே கருவியில் சோதிப்பார்கள். பெட்டிக்கு உரியவர் விமானத்தில் ஏறாவிட்டால், பெட்டியையும் இறக்கிவிடுவார்கள். கனிஷ்கா தந்த பாடம் இது.

பிறகு கைப்பை. செல்போனைத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பை எக்ஸ்ரே கருவிக்குள் போகும். திரையில் துணி, உணவு ஆகியவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இரும்பு போன்ற உலோகங்கள் நீல நிறத்தில் தெரியும். சந்தேகம் வந்தால் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

கடைசியில் நம்மைச் சோதிப்பார்கள். கதவுச் சட்டம் போன்ற கருவி வழியாக நடக்க வேண்டும். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிப்பார். அதற்குத் திரை போட்ட மறைவிடம் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் முன்கூட்டியே காவலரிடம் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு யாருக்கும் பணம் தர வேண்டாம். பாதுகாப்புக் கட்டணம் சீட்டு விலையிலேயே சேர்ந்திருக்கிறது.

எவற்றைக் கொண்டுபோகக் கூடாது?

கத்தி, அரிவாள் போன்றவற்றைக் கைப்பையில் வைக்கக் கூடாது. தீப்பெட்டி, பட்டாசு, மண்ணெண்ணெய் எந்தப் பையிலும் கூடாது. வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் தண்ணீரோ எண்ணெயோ கைப்பையில் கூடாது. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்து அது தீப்பிடித்தால் உடனே அணைக்க முடியாது.

எண்ணெய்ச் சத்து எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தேங்காய்க்கும் தடை உண்டு. ஆனால் சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக, 2022-இல் அந்தப் பருவத்துக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். விதி கடுமையானது. ஆனாலும் மக்களின் தேவையையும் அது பார்க்கிறது.

மறக்கக் கூடாத ஒன்று

"அண்ணே, இந்தப் பொட்டலத்தை அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்." இப்படி யாராவது கேட்கலாம். உள்ளே போதைப்பொருள் இருந்தால் பிடிபடுவது கொண்டுபோனவர்தான். "எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும் எளிதில் நம்பமாட்டார்கள். பல ஆண்டுகள் சிறை கிடைக்கலாம். வீட்டில் மனைவி மக்கள் தவிப்பார்கள்.

நம் பெட்டியை நாமே அடுக்குவோம். நாமே பூட்டுவோம். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத எதையும் வாங்க மாட்டோம்.